மூளை அனூரிசம்: எந்த நாளில் அறுவை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூளையில் ரத்தக்குழாய் வெடித்தவர்களைக் காப்பாற்றும் ஆராய்ச்சியில் பல பத்தாண்டுகளைச் செலவிட்டவர் அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் நீல் கேசல். அவரைப் பற்றிப் பத்திரிகைகளில் வரும் செய்திகள் பெரும்பாலும் 1988-இல் ஜோ பைடனுக்கு நடந்த அறுவையோடு நின்றுவிடுகின்றன. அந்த ஆண்டு பிப்ரவரியில் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் பைடனின் மூளையில் கசிந்த அனூரிசத்தை, அதாவது ரத்தக்குழாயில் புடைத்த பையை, அடைத்த குழுவில் அவர் இருந்தார். மே மாதம் மறுபக்கத்தில் இருந்த, வெடிக்காத இன்னொன்றும் அடைக்கப்பட்டது. இவையெல்லாம் உண்மை. ஆனால் ஒரு தலைவரின் தலையைத் திறந்ததைவிட, 'வெடித்த எத்தனையாவது நாளில் திறப்பது' என்ற கேள்விக்கு 14 நாடுகளில் கணக்கெடுத்துப் பதில் தேடியதுதான் அவர் செய்த பெரிய காரியம். அதைப் பற்றி உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறோம்.

முதலில் நோய். மூளையின் அடிப்பகுதியில் ரத்தக்குழாய்கள் ஒரு வளையமாக இணைகின்றன. அங்கே குழாய் கிளைபிரியும் கவையில் சுவர் மெலிந்து, பழைய சைக்கிள் டியூபில் வலுவிழந்த இடம் புடைப்பதுபோல் ஒரு சிறு பை உருவாகும். அதுதான் அனூரிசம். நூறு பெரியவர்களில் சுமார் மூன்று பேருக்கு இது இருக்கும். பெரும்பாலானவர்களுக்குக் கடைசி வரை வெடிக்காது. இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிப்பார்கள். வெடித்தால் ரத்தம் மூளையைச் சுற்றியுள்ள நீர் இடைவெளியில் பாய்கிறது. அந்தக் கணமே தலைக்குள் அழுத்தம் தாறுமாறாக ஏறுகிறது. புகைபிடிப்பதும் உயர் ரத்த அழுத்தமும் இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. அப்பா அம்மா, உடன்பிறந்தவர்கள் என்று நெருங்கிய ரத்த உறவில் இரண்டு பேருக்கு வந்திருந்தால் மற்றவர்களும் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

வெடித்ததன் அடையாளம் தலைவலியின் கடுமை மட்டுமல்ல, அது வரும் வேகம். சில நொடிகளில் உச்சத்துக்குப் போய்விடும். எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு வந்தது என்றே நோயாளியால் சொல்ல முடியும். கூடவே வாந்தி, கழுத்து இறுக்கம், சிலருக்கு ஒரு நிமிட மயக்கம், சிலருக்கு வலிப்பு. ஒரு கண்ணிமை திடீரெனத் தொங்கி, அந்தக் கண்ணின் பாப்பா விரிந்திருந்தால், மூளையின் பின்இணைப்புத் தமனியில் உள்ள பை பக்கத்திலிருக்கும் மூன்றாம் நரம்பை அழுத்துகிறது என்று பொருள். அதோடு வருபவரைக் கண் மருத்துவரிடம் அனுப்பிவிட்டுக் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே ரத்தக்குழாய்ப் படம் எடுக்க வேண்டும்.

தவறுகள் அதிகம் நடப்பது இந்த முதல் கட்டத்தில்தான். 2004-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் சுமார் 12 சதவீதம் பேருக்கு முதல் பரிசோதனையில் நோய் தவறாகக் கணிக்கப்பட்டிருந்தது. ஒற்றைத் தலைவலி அல்லது மன இறுக்கத் தலைவலி என்பதே அவர்களிடம் அடிக்கடி நடந்த தவறான கணிப்பு. நடந்து வந்து, பேசி, மாத்திரை வாங்கிக்கொண்டு போகக்கூடிய நிலையில் இருப்பவர்தான் இப்படித் தவறவிடப்படுகிறார். உடனே சிகிச்சை கிடைத்தால் முழுமையாகப் பிழைக்க மிக அதிக வாய்ப்புள்ளவரும் அவரே. தலைவலி தொடங்கிய 6 மணி நேரத்துக்குள் நல்ல கருவியில் சி.டி. ஸ்கேன் எடுத்து, பழகிய கண் அதைப் பார்த்தால், ரத்தம் தெரியாமல் போவது மிக அரிது. நேரம் போகப் போக ரத்தம் கரைந்து படத்தில் மங்கிவிடும். அப்போது முதுகுத் தண்டில் நீர் எடுத்துப் பார்க்க வேண்டும், அதுவும் தலைவலி வந்து 12 மணி நேரம் ஆன பிறகு. ரத்த அணுக்கள் சிதைந்து நீர் மஞ்சளாக அவ்வளவு நேரம் பிடிக்கும். அவசரப்பட்டு முன்கூட்டியே எடுத்தால், வந்த ரத்தம் மூளையிலிருந்து வந்ததா, ஊசி குத்தியதால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இன்னொரு பொறி இதயம். தலைக்குள் அழுத்தம் ஏறும்போது உடல் கொட்டும் அட்ரினலின் இதயத் தசையைத் தாக்கும். இ.சி.ஜி. மாரடைப்புப் போலவே மாறும், இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தத்தில் ஏறும், நுரையீரலில் நீர் கோக்கும். மயங்கி விழுந்து கொண்டுவரப்பட்டவரின் இ.சி.ஜி.யை மட்டும் பார்த்து மாரடைப்பு என்று முடிவுகட்டி, ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுத்துவிட்டால், தலைக்குள் கசிந்துகொண்டிருக்கும் ஓட்டைக்கு அதைவிடக் கேடு இல்லை. தலைவலி சொன்னாரா என்று கூட வந்தவரிடம் கேட்கும் ஒரு கேள்வி இதைத் தடுத்துவிடும்.

இனி கேசல் எடுத்துக்கொண்ட கேள்விக்கு வருகிறோம். 1970-களில் பெரும்பாலான அறுவை மருத்துவர்கள் வெடித்த உடனே தலையைத் திறப்பதில்லை. மூளை வீங்கியிருக்கும், தொட்டாலே ரத்தம் கசியும், அந்த நிலையில் கையை வைத்தால் சேதம் அதிகம் என்பது அவர்கள் அனுபவம். இரண்டு வாரம் படுக்கையில் இருட்டறையில் அமைதியாக வைத்து, வீக்கம் வடிந்தபின் திறப்பார்கள். அப்படித் திறந்தவர்களின் பலன் நன்றாகவே இருந்தது. ஆனால் அந்த இரண்டு வாரம் யாருக்குக் கிடைத்தது? கேசலும் நோய்ப்பரவல் அறிஞர் ஜேம்ஸ் டார்னரும் 1983-இல் வெளியிட்ட கணக்கின்படி, முதல் 24 மணி நேரத்தில் மட்டும் சுமார் 4 சதவீதம் பேருக்கு மறுபடி வெடித்தது. அதன் பிறகும் நாளுக்கு ஒன்று முதல் இரண்டு சதவீதம். மறுபடி வெடித்தவர்களில் பெரும்பான்மையோர் இறந்தார்கள். காத்திருந்து திறந்தால் பலன் நன்று என்ற எண்ணம், காத்திருப்பைத் தாண்டிப் பிழைத்தவர்களை மட்டும் எண்ணியதால் வந்தது.

இதைத் தீர்க்கத்தான் அயோவா பல்கலைக்கழகத்திலிருந்து சர்வதேசக் கூட்டாய்வு ஒன்றை அவர்கள் தொடங்கினார்கள். 1980 டிசம்பர் முதல் 1983 ஜூலை வரை, 14 நாடுகளில் 68 மையங்களில், 3,521 நோயாளிகள். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. எங்கள் கருத்தில் அந்த ஆய்வின் உயிரே அதுதான். நோயாளி வந்து சேர்ந்ததும், இவருக்கு எந்த நாளில் அறுவை செய்யத் திட்டம் என்பதை மருத்துவர் அப்போதே பதிவு செய்ய வேண்டும். முடிவுகளைப் பகுத்தபோது, அறுவை உண்மையில் எந்த நாளில் நடந்தது என்பதைவிட, எந்த நாளுக்குத் திட்டமிடப்பட்டது என்பதையே அடிப்படையாகக் கொண்டார்கள். பன்னிரண்டாம் நாளுக்குத் திட்டமிட்டவர் ஐந்தாம் நாளில் மறுபடி வெடித்து இறந்தால், அந்த இறப்பு 'தாமத அறுவை' என்ற கட்டத்தில் விழும். அறுவையே நடக்கவில்லையே என்று அவரைக் கணக்கிலிருந்து தள்ளிவிட முடியாது. அதுவரை வந்த பல தனிமருத்துவமனைப் பட்டியல்களில் இந்த மரணங்கள் இடம்பெறாமலே போயின.

முடிவு 1990-இல் வெளிவந்தது. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் முதல் மூன்று நாட்களுக்குள் திட்டமிட்ட அறுவைக்கும் 11 முதல் 14 நாட்களுக்குத் திட்டமிட்டதற்கும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. சீக்கிரம் செய்தால் மறுவெடிப்பு குறைகிறது, ஆனால் வீங்கிய மூளையில் கைவைக்கும் இடர் அதற்கு ஈடாகிவிடுகிறது. மிக மோசமான காலம் 7 முதல் 10 நாட்கள். ரத்தக்குழாய்கள் இறுகிச் சுருங்கியிருக்கும் நேரம் அது. வட அமெரிக்க மையங்களை மட்டும் தனியாகப் பிரித்து 1992-இல் பார்த்தபோது, முதல் மூன்று நாட்களுக்குத் திட்டமிட்டவர்களே நன்றாக இருந்தார்கள். சீட்டுக் குலுக்கிப் பிரிக்கும் சோதனை அல்ல என்பதால் இதைக் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ள முடியாது என்று குறை சொன்னவர்களும் உண்டு, நியாயமான குறைதான். இருந்தும் விழிப்போடு இருக்கும் நோயாளியைக் காத்திருக்க வைக்கும் வழக்கம் மெல்ல மறைந்தது. இன்று, முடிந்தால் 24 மணி நேரத்துக்குள் பையை அடைத்துவிட வேண்டும் என்பதே நடைமுறை. அதுவரை மேல்நிலை ரத்த அழுத்தத்தை 160-க்குக் கீழே வைப்பார்கள். அதற்காக ஒரேயடியாக இறக்கிவிட்டால் மூளைக்கு ரத்தம் போதாமல் போகும்.

முதல் நாளில் திறப்பது ஏன் கடினம் என்பதையும் வாசகர் அறிய வேண்டும். நெற்றிப் பக்கமும் பொட்டுப் பக்கமும் சேரும் இடத்தில் எலும்பை எடுத்து மூளை உறையைத் திறந்ததும், சிவந்து புடைத்த மூளை வெளியே பிதுங்கப் பார்க்கும். அதை அழுத்திப் பிடித்து வழி ஏற்படுத்தக் கூடாது. மேனிட்டால் கொடுத்தும், மூளை நீரை வடித்தும் அதைத் தளர்த்த வேண்டும். நுண்ணோக்கியின் கீழ் மூளையின் மடிப்பைப் பிரித்து உள்ளே போய், பைக்கு ரத்தம் வரும் குழாயை முதலில் கண்டுபிடித்துக் கைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகுதான் பையின் கழுத்து. உலோகக் கிளிப் அந்தக் கழுத்தை முழுதாகப் பிடிக்க வேண்டும். மிச்சம் விட்டால் அங்கிருந்து மறுபடி வளரும். அதிகமாகப் பிடித்தால் தாய்க்குழாய் குறுகும். பையின் பின்னால் ஒளிந்திருக்கும் தலைமுடி போன்ற சின்னக் கிளைகளில் ஒன்று கிளிப்புக்குள் மாட்டிக்கொண்டால், உயிர் பிழைத்தும் கை கால் விழுந்துவிடும்.

கையில் இருக்கும்போதே பை வெடித்தால் குழி நிமிடத்தில் ரத்தத்தால் நிறையும். பதறிப்போய் ரத்தத்துக்குள் கண்மூடித்தனமாகக் கிளிப்பை நுழைப்பதுதான் அப்போது செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு. இரண்டாவது உறிஞ்சுகுழாயை வைத்து இடத்தைத் தெளிவாக்கி, முன்பே கண்டுவைத்த தாய்க்குழாயில் தற்காலிகக் கிளிப் போட்டு, சில நிமிடங்களுக்குள் வேலையை முடித்து அதை எடுத்துவிட வேண்டும். கடைசியில் பச்சைச் சாயம் செலுத்தி நுண்ணோக்கியிலேயே பார்த்து, பை நிரம்பவில்லை, கிளைகள் ஓடுகின்றன என்று உறுதி செய்தபின்தான் மூடுவார்கள்.

செய்திகள் பெரும்பாலும் இந்த இடத்தில் முடிந்துவிடும்: அறுவை வெற்றி. ஆனால் கூட்டாய்வில் மருத்துவமனைக்கு வந்தபோது நாலில் மூன்று பேர் நல்ல நிலையில்தான் இருந்தார்கள். ஆறு மாதம் கழித்து மொத்தத்தில் 26 சதவீதம் பேர் உயிரோடு இல்லை. மறுவெடிப்பு ஒரு காரணம் என்றால், ரத்தக்குழாய்ச் சுருக்கம் இன்னொரு பெருங்காரணம். சிந்திய ரத்தம் குழாய்களின் வெளிப்புறத்தில் கட்டியாகி, சிதைந்து, குழாயைத் தூண்டுகிறது. மூன்றாம் நாள் வாக்கில் தொடங்கி, ஏழாம் நாளை ஒட்டி உச்சத்துக்குப் போய், பதினான்காம் நாளுக்குப் பிறகு தளரும். கிளிப் எவ்வளவு அழகாக விழுந்திருந்தாலும் இது வரும். நேற்று வரை பேசிக்கொண்டிருந்தவர் இன்று குழம்புவார், ஒரு கை தளரும், தூங்கித் தூங்கி விழுவார்.

கேசல் 1982-இல் வெளியிட்ட ஒரு கட்டுரை இதற்கு வழி காட்டியது. சுருக்கத்தால் நிலை மோசமான 58 பேருக்கு நீர் ஏற்றி, மருந்தால் ரத்த அழுத்தத்தை உயர்த்தியபோது, நாலில் மூன்று பங்குக்கு அருகில் தேறினார்கள். குறுகிய குழாய் வழியே ரத்தத்தை உந்தித் தள்ளுவதே தத்துவம். அடைக்காத பையோடு இதைச் செய்தால் மறுபடி வெடிக்கும். சீக்கிரம் கிளிப் போடுவதற்கு இது இன்னொரு காரணமாயிற்று. மிகையாக நீர் ஏற்றியவர்களுக்கு நுரையீரலில் நீர் கோத்தது. ஆகவே இன்று ரத்த அளவைக் குறையாமல் வைத்துக்கொள்கிறார்கள், அளவுக்கு மீறி ஏற்றுவதில்லை. அழுத்தத்தை உயர்த்துவதை மட்டும் சீட்டுக் குலுக்கிச் சோதிக்க முயன்ற ஆய்வு 2018-இல் 41 பேரோடு நின்றுபோனது. பலன் உண்டென்று அது காட்டவில்லை. ஆனாலும் கண்ணெதிரே பேச்சு திரும்பி வருவதைப் பார்ப்பதால் மருத்துவர்கள் இதைக் கைவிடவில்லை. அவ்வளவு சிறிய ஆய்வை வைத்துக் கைவிடவும் கூடாது என்பதே எங்கள் எண்ணம்.

பிறகு மருந்துகள். வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்குப் போன பின் கேசலும் அவர் தோழர்களும் நிகார்டிபின் என்ற மருந்தை 906 பேரிடம் சோதித்து 1993-இல் வெளியிட்டார்கள். சுருக்கத்தின் அறிகுறிகள் 46 சதவீதத்திலிருந்து 32 சதவீதமாக இறங்கின. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் இரு பக்கமும் ஒரே நிலை. மருந்து கிடைக்காதவர்களுக்கு அழுத்தம் உயர்த்தும் சிகிச்சை அதிகம் தரப்பட்டு, இடைவெளி அடைபட்டிருந்தது. அடுத்து டிரிலஸாட். ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலும் ஆயிரம் பேருக்கு மேல் சேர்த்து நடத்திய 1996 ஆய்வில் உயர்ந்த அளவு மருந்து பெற்றவர்கள் நன்றாக இருந்தார்கள், முக்கியமாக ஆண்கள். மறு ஆண்டு வட அமெரிக்காவில் கிட்டத்தட்ட 900 பேரிடம் அதே பலன் வரவில்லை. பெண்களின் உடல் அந்த மருந்தை வேகமாக வெளியேற்றுகிறது. வட அமெரிக்காவில் வலிப்பு வராமலிருக்க வழக்கமாகக் கொடுத்த ஃபெனிடாயினும் கல்லீரலைத் தூண்டி அதை விரைவாகச் சிதைக்கிறது. ஒரு நல்ல மருந்து பக்கத்து மருந்தால் தோற்றிருக்கலாம் என்ற ஐயம் இன்றும் தீரவில்லை. பெண்களுக்கு அளவைக் கூட்டியும் பார்த்தார்கள், போதிய பலன் இல்லை.

இந்தத் தோல்விகளை முழுக் கணக்கோடு அச்சில் கொண்டுவந்ததைப் பெரிதாக மதிக்கிறோம். 2011-இல் கிளஸோசென்டான் என்ற மருந்தின் பெரிய ஆய்வும் பலனை மாற்றவில்லை. அதன் முந்தைய கட்டத்தில் குழாய்ச் சுருக்கம் தெளிவாகக் குறைந்திருந்தது. சுருக்கம் மட்டுமே எதிரி அல்ல, முதல் நிமிடத்தில் மூளை பட்ட அடி, நுண்குழாய்களில் உறையும் ரத்தம், மூளையின் மேற்பரப்பில் அலையலையாகப் பரவும் மின்சார முடக்கம் எல்லாம் சேர்ந்துதான் கெடுக்கின்றன என்ற இன்றைய புரிதல் இந்தத் தோல்விகளை அடுக்கிப் பார்த்ததில் வந்தது.

நிலைத்து நின்ற ஒரே மாத்திரை நிமோடிபின். 1989-இல் வந்த பிரிட்டிஷ் ஆய்வில் 554 பேரில், மூளைத் திசு செத்துப்போவது 33 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைந்தது. விந்தை என்னவென்றால், இது படத்தில் தெரியும் சுருக்கத்தைப் பெரிதாகக் குறைப்பதில்லை. ஆனாலும் ஆள் நன்றாக இருக்கிறார். 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 60 மில்லிகிராம், 21 நாள். அழுத்தம் இறங்கினால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை 30 ஆகப் பிரித்துக் கொடுக்கலாம், வேளை தவறக் கூடாது. விழுங்க முடியாதவருக்கு மூக்குக் குழாய் வழியாகத் தர, கேப்சூலின் திரவத்தைச் சிரிஞ்சில் எடுப்பார்கள். அந்தச் சிரிஞ்சைத் தவறுதலாக ரத்தநாள ஊசிக் குழாயில் செலுத்தி உயிர் போன நிகழ்வுகள் உண்டு. ஊசிக் குழாயில் பொருந்தாத வாய்வழிச் சிரிஞ்சைப் பயன்படுத்தி, 'வாய்வழி மட்டும்' என்று எழுதி ஒட்டுவது ஒரு நிமிட வேலை.

படுக்கையருகே கவனிக்க வேண்டியவை இன்னும் சில. ரத்தத்தில் சோடியம் குறையும். சிறுநீரகம் உப்பையும் நீரையும் சேர்த்து வெளியே கொட்டுவது இந்த நோயில் வழக்கம். மற்ற நோய்களில் செய்வதுபோல் குடிநீரைக் குறைத்தால் ரத்த அளவு இறங்கி, சுருங்கிய குழாய்க்குப் பின்னால் உள்ள மூளை செத்துவிடும். உப்பு கொடுக்க வேண்டும், நீரைக் குறைக்கக் கூடாது. மூளை நீர் தேங்கினால் தலையில் வடிகுழாய் வைப்பார்கள். அதன் பூஜ்ய அளவு காதுத் துளைக்கு நேராக இருக்க வேண்டும். குழாயை மூடாமல் கட்டில் தலைப்பகுதியை உயர்த்தினால் நீர் ஒரேயடியாக வடிந்துவிடும். பை இன்னும் அடைபடாத நிலையில் அப்படி வடிந்தால், வெளியிலிருந்து பையைத் தாங்கிய அழுத்தம் போய் மறுபடி வெடிக்கலாம். 1982-இல் அறிமுகமான தலைக்குள் ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் கருவியில் நடுமூளைத் தமனியின் சராசரி வேகம் நொடிக்கு 120 சென்டிமீட்டரைத் தாண்டினால் சந்தேகம், 200-ஐத் தாண்டினால் கடுமை. கழுத்துத் தமனியின் வேகத்தோடு ஒப்பிட்டு மூன்று மடங்குக்கு மேல் இருந்தால்தான் சுருக்கம் என்று கொள்வார்கள். காய்ச்சலாலும் வேகம் ஏறும்.

கிளிப்புக்கு மாற்றாக, தொடை அல்லது மணிக்கட்டுக் குழாய் வழியே போய்ப் பைக்குள் 'காயில்' எனப்படும் மெல்லிய பிளாட்டினக் கம்பிச் சுருளை நிரப்பும் முறை 1990-களில் வந்தது. 2002-இல் வெளியான சர்வதேச ஆய்வில், இரண்டுக்கும் பொருத்தமான 2,143 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்ததில், ஓராண்டு கழித்து இறந்தவர்களும் பிறர் உதவியில் வாழ்பவர்களும் காயில் பக்கம் 23.7 சதவீதம், கிளிப் பக்கம் 30.6 சதவீதம். ஆகவே இரண்டும் முடியும் என்றால் இன்று காயிலே முதலில். ஆனால் சில பைகளில் காயில் அமுங்கி மறுபடி திறக்கும். பல மாதங்கள், ஆண்டுகள் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். மூளைக்குள் பெரிய ரத்தக்கட்டி இருந்தாலோ, நடுமூளைத் தமனியில் கழுத்து அகன்ற பை இருந்தாலோ தலையைத் திறப்பதே நல்லது.

எனவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இத்தகைய அறுவைச் செய்தி வரும்போது, தலைவலி வந்து எத்தனை மணி நேரத்தில் நோயாளி மருத்துவமனையை அடைந்தார், எத்தனையாவது நாளில் பை அடைக்கப்பட்டது, கிளிப்பா காயிலா என்பதையும் கேட்டுச் சேர்த்துப் போடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆறு மாதம் கழித்து அவர் எப்படி இருக்கிறார் என்று ஒரு தொடர் செய்தி வெளியிடுங்கள். கூட்டாய்வில் 58 சதவீதம் பேர் முழுமையாக மீண்டார்கள் என்று பதிவாகியிருக்கிறது. நடப்பது, பேசுவது போன்ற பெரிய அளவுகோல்களில் தேறிவிட்டவர்களிலும் பலருக்கு மறதி, சோர்வு, எரிச்சல் மாதக்கணக்கில் நீடிக்கும். பழைய வேலைக்குத் திரும்ப முடியாமல் போகும். வீட்டார் அதைச் சோம்பல் என்று நினைத்துக் கடிந்துகொள்வார்கள். அது நோயின் மிச்சம் என்று செய்தித்தாளில் நாலு வரி வந்தால் அந்தக் குடும்பங்கள் மருத்துவரிடம் திரும்ப வந்து கேட்பார்கள். நினைவாற்றல் பயிற்சியும் மனநல உதவியும் அவர்களுக்குக் கிடைக்கும்.

இப்படிக்கு,
நரம்பியல் அறுவை மற்றும் தீவிர சிகிச்சைத் துறையைச் சேர்ந்த வாசகர்கள்